ராடு எண்ணிப் படித்த கழித்தல் கணக்கு

சாயங்காலம் நாலு மணியை இந்த ஊரில் பத்து மணி என்கிறார்கள். ‘சா கூமி’ என்பார்கள், கூமி என்றால் பத்து. நம்ம பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிற மாதிரி, இவர்கள் சூரியன் கிளம்பியதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி இவர்களுக்கு ஒன்று, எட்டு மணி இரண்டு. வந்த புதிதில் ‘ரெண்டு மணிக்கு இடம் பார்க்க வாங்க’ என்றார்கள். நான் மதியச் சோறு தின்றுவிட்டு நிதானமாகப் போய் நின்றால், பாவம், ஊரே காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் காத்திருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு மணி மாறிப்போனதே இல்லை. முக்கியமாக இந்தப் பத்து மணி. ஏனென்றால் இங்கே பத்து மணி ஆகும்போது எங்கள் ஆட்டையாம்பட்டியில் மாலை ஆறரை. செல்வி விளக்கேற்றி முடித்திருப்பாள். என் மகள் சஷ்டிகா நெற்றி நிறையத் திருநீறோடு, செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். அப்புறம் அரை மணி நேரம் நான் வாத்தியார்.

சிரிக்காதீர்கள். நான் பத்தாவது பாஸ், அதுவும் கணக்கில் தொங்கிப் பிடித்துத்தான். வேலை, தண்ணிக்குப் போர்வெல் போடுவது. திருச்செங்கோட்டிலிருந்து கப்பலேறி வந்த ரிக் வண்டி ஒன்றில் டிரில்லராக இருக்கிறேன். இது டான்சானியா தேசத்தின் நடுப்பகுதி. செம்மண், முள்மரம், ஆடு, காற்றில் புழுதி. ஒரு கிராமத்தில் வண்டியை நிறுத்தி, சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ‘காளிப்பட்டி கந்தசாமி துணை’ என்று சொல்லி மிசினைப் போட்டால், தண்ணி வருகிற வரைக்கும் அங்கேதான் குடித்தனம். சாயங்காலம் கம்ப்ரசர் ஆறுவதற்காக அரை மணி நேரம் நிறுத்துவோம். அந்த அரை மணியை நான் என் மகளுக்கு வைத்துக்கொண்டேன். கம்ப்ரசர் பார்க்கிற வாழப்பாடி ராமு அண்ணன் தினமும் ஒரு சத்தம் கொடுப்பார்: “மிசினை நிறுத்துங்கப்பா, பத்தாங்கிளாஸ் வாத்தியாரு பாடம் எடுக்கப் போறாரு!”

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கிற அப்பன்மாருக்கு இது தெரிந்த கதையாகத்தான் இருக்கும். வந்த முதல் ஆறு மாசம் மகளோடு நான் பேசியது என்ன தெரியுமா? “சாப்பிட்டியா சாமி?” “சாப்பிட்டேன்.” “என்ன கொழம்பு?” “பருப்பு.” அவ்வளவுதான். அப்புறம் போன் கட்டிலில் கிடக்கும். நான் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளை தெருவில் ஓடிவிட்டிருக்கும். இரண்டாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை முடிந்து, பள்ளிக்கூட டைரியில் மிஸ் எழுதி அனுப்பினார்: சஷ்டிகா கணக்கில் ரொம்ப மோசம், எண்ணைக் கேட்டாலே வாய் மூடிக்கொள்கிறாள், வீட்டில் கவனிக்கவும். செல்வி அதைப் படித்துக்காட்டி அழுதாள். அவள் பகல் முழுக்க முறுக்குச் சுற்றும் வேலைக்குப் போய், விரல் மரத்துப்போய் வருகிறவள். “எனக்கு ஒக்காந்து சொல்லித்தர முடியலீங்க. டியூசனுக்கு அனுப்பிடறேன். ஆறு மணிக்குப் போனா ஏழரைக்குத்தான் விடறாங்களாம்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆறிலிருந்து ஏழரை என்றால், என் நேரம் அதற்குள்ளே போய்விடும். அது முடிந்து பிள்ளை தின்று தூங்கிவிடும். நான் அந்நேரம் மிசின் மேல் நிற்பேன். மின்விசிறியைப் பார்ப்பதுகூட இல்லாமல் போய்விடும். “நான் சொல்லித்தரேன் புள்ள” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ! செல்விக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. “நீங்களா? உங்க கணக்கு எனக்குத் தெரியாதுங்களா?” என்றாள். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. அரைப்பரீட்சை வரைக்கும் பிள்ளை என் பொறுப்பு. அதில் தேறினால் பாடம் தொடரும். தேறாவிட்டால் டியூசன், நான் மறுவார்த்தை பேசக்கூடாது. கந்தசாமி மேல் ஆணையாக ஒப்புக்கொண்டேன்.

முதல் வாரம் படுதோல்வி. எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே நானும் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன், மிரட்டினேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பாவாடை ஓரத்தைச் சுருட்டியது. எண்ணைக் கேட்டால் ஊமை. மிஸ் எழுதியது சரிதான் என்று எனக்கே தோன்றிவிட்டது. எட்டாவது நாள் தண்ணி நெருக்கத்தில் இருந்ததால் மிசினை நிறுத்த முடியவில்லை. ராடு இறங்கிக்கொண்டிருக்க, ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு கத்தினேன். “அங்கென்னப்பா சத்தம்?” என்று அவள்தான் கேட்டாள். கேமராவைத் திருப்பிக் காட்டினேன். இருபது அடி நீளக் குழாய், அதைத்தான் நாங்கள் ராடு என்போம், சுற்றிக்கொண்டே மண்ணுக்குள் இறங்குகிறது. முழுசாக இறங்கியதும் அதன் தலையில் இன்னொன்று. பிள்ளை கண்ணை எடுக்கவில்லை. “அது எவ்ளோ ஆழம்ப்பா?” “நீயே சொல்லு சாமி, ஒரு ராடு இருவது அடி.” விரலை மடக்கினாள். அப்புறம் மெதுவாக, “ரெண்டு ராடு நாப்பது... மூணு ராடு அறுவது...” வாயே திறக்காத பிள்ளை, இருபது இருபதாகத் தாவிப் போகிறது!

மறுநாளே பாடம் மாறிவிட்டது. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னேன். அதுதான் பூமி. அதற்குக் கீழே விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒரே அளவாக ஒடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க வேண்டும். பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவோம். நான் இங்கிருந்து, “கல்லு வந்துருச்சு சாமி, இன்னும் நாலு ராடு எறக்கு” என்பேன். அவள் இறக்குவாள். “இப்ப எங்க நிக்கறோம்?” “பதிமூணு ராடு! எரநூத்தி அறுவது அடி!” கூட்டல் இப்படியே வந்தது. கழித்தலும் வந்தது: கிணறு இத்தனை ராடு ஆழம், தண்ணி இத்தனாவது ராடில் நிற்கிறது, தண்ணிக்குள் முங்கியது எத்தனை? செல்வி ஒரு நாள், “ஏனுங்க, ஊட்ல ஒரு வெளக்கமாறு மிச்சமில்லீங்க. குளிக்கறப்பக்கூட சொம்பு சொம்பா எண்ணிட்டுத்தான் ஊத்திக்கறா” என்று புகார் சொன்னாள். குரலில் புகாரே இல்லை. நம் பக்கத்தில் ஆயிரம் அடி போட்டும் தண்ணி வராமல் புகை மட்டும் வந்த போரை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம். அந்த மண்ணில் பிறந்த பிள்ளை தரையில் ஈர்க்குச்சி இறக்கித் தண்ணி கண்டுகொண்டிருந்தது.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். ராடு நுனியில் கல்லைக் குடைகிற பிட்டை மாற்றுவதற்காக மிசினை நிறுத்தியிருந்தோம். நான் வண்டிப் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். “கெணறு பதினஞ்சு ராடு. ஒம்போதாவது ராடு முடியறப்ப தண்ணி நிக்குது. தண்ணிக்குள்ள எத்தனை?” நான் மூச்சு விடுவதற்குள், “ஆறு ராடு!” என்றாள். நான் கேட்காமலே, “நூத்தியிருவது அடித் தண்ணிப்பா!” என்றும் சொன்னாள். சந்தோஷம் தாங்காமல் படியிலிருந்து குதித்து, கையைத் தட்டி, “அடி சாமி! என் தங்கமே!” என்று கத்திவிட்டேன். தூரத்து மரநிழலில் பெண்கள் மஞ்சள் கேன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். டிரில்லர் குதித்தால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தானே! நம் தெக்கத்திப் பெண்கள் குலவை போடுகிற மாதிரி நாக்கைச் சுழற்றிச் சத்தம் எழுப்பிக்கொண்டு, அத்தனை பேரும் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். தண்ணிக் கமிட்டித் தலைவி நீமாதான் முன்னால். நல்ல உயரம், கணீரென்ற குரல். குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “மாஜி?” என்றார். மாஜி என்றால் தண்ணீர். “மாஜி இல்லை” என்று கையை விரித்தேன். “ஹெசாபு. என் மகள். ஹெசாபு” என்று போனைக் காட்டினேன். ஹெசாபு என்றால் கணக்கு. நீமா போனுக்குள் பார்த்தார். சஷ்டிகா இத்தனை முகங்களைப் பார்த்து வாயைப் பிளந்து, கையை ஆட்டினாள். நீமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அந்தப் பிள்ளைதான் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று இந்தியாவிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். எல்லாப் பெண்களும் போனுக்குக் கும்பிடு போடாத குறை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த நாற்பது சொல் பத்தவில்லை. மூன்றாம் நாள் அங்கே நல்ல தண்ணி வந்தது. பிள்ளையின் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கந்தசாமி கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து நீமா என்னை ‘ம்வாலிமு’ என்றுதான் கூப்பிடுகிறார். அப்படியென்றால் வாத்தியார்.

இப்படி ஆகாயத்தில் நடந்துகொண்டிருந்தவனைத் தரையில் இறக்கியது ஒரு போட்டோ. அரைப்பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வகுப்பில் ஒரு டெஸ்ட். பத்துக் கழித்தல் கணக்கு. பத்துக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. மேலே பெரிதாகச் சைபர். செல்வி போட்டோ அனுப்பியதும் கூப்பிட்டாள். “பாருங்க, நல்லாப் பாருங்க. எல்லார்த்துக்கும் முன்னால மிஸ்ஸு கேக்கறாங்க, ஊட்ல யாரு சொல்லிக்குடுக்கறதுன்னு. நான் என்னங்க சொல்லட்டும்? ஆப்பிரிக்காவுல மண்ணு தோண்டறவர்னு சொல்லட்டுங்களா?”

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அவமானம் பேச வைத்தது. நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்தைந்திலிருந்து பன்னிரண்டைக் கழி என்பது முதல் கணக்கு. விடை இருபத்து மூன்று. சரிதானே! இரண்டாவது, சரி. மூன்றாவது, சரி. பத்துக்கும் விடை சரி. பிறகுதான் கண்ணில் பட்டது. மேலே பன்னிரண்டு, கீழே முப்பத்தைந்து. எல்லாக் கணக்கிலும் சின்ன எண் மேலே, பெரிய எண் கீழே. மிஸ் ஓரத்தில் எழுதியிருந்தார்: போட்ட முறை தப்பு.

சஷ்டிகாவைக் கூப்பிடச் சொன்னேன். முகம் வீங்கியிருந்தது. “ஏஞ்சாமி பெருசைக் கீழ எழுதின?” என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா என்கிற ஆச்சரியம். “ஆழமானதுதானப்பா கீழ வரும்?”

ஆமாம், என் தொழிலில் அப்படித்தான். பத்தாவது ராடு மேலே இருக்கும், முப்பதாவது ராடு கீழே போகும். எண் பெரிதாகப் பெரிதாகப் பூமிக்குள் இறங்கும். ஒன்றரை மாசமாக வாயாலும் ஈர்க்குச்சியாலும் சொல்லித்தந்தேனே தவிர, ஒரு நாளாவது நோட்டில் எழுதிக் காட்டினேனா? இல்லை. பிள்ளை நான் தோண்டின குழியை அப்படியே நோட்டில் தோண்டியிருக்கிறது. தப்பு பிள்ளையுடையது இல்லை. மிஸ்ஸைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறவருக்கு என் குழி எப்படித் தெரியும்? “தப்பு அப்பாவோடது சாமி” என்றேன். அவள் நம்பவில்லை. “அப்ப எதுக்கு எனக்குச் சைபரு?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். செல்வி, “திங்கக்கெழமையிலிருந்து டியூசனுக்கு அனுப்பறேனுங்க” என்றாள். “அரைப்பரீட்சை வரைக்கும்னு பேச்சு புள்ள. இன்னும் ரெண்டு வாரம் இருக்குது.” “வாக்குக் குடுத்தாச்சு. ரெண்டே வாரம்” என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கெல்லாம் அதே யோசனை. எப்படித் திருப்புவது? பூமிக்குள் இறங்கினதை மறந்துவிடு, பெரிய எண் மேலே என்று மனப்பாடம் செய் என்றால் செய்துவிடும். ஆனால் பழையபடி வாய் மூடிக்கொள்ளும், அது எனக்கு நிச்சயம். மறுநாள் காலை புது இடத்தில் வண்டியை நிறுத்திப் பூஜை போட்டோம். சூடம் காட்டும்போது, “காளிப்பட்டியானே, இந்த அரை மணி நேரத்தை மட்டும் என்கிட்டயிருந்து பிடுங்கிராதே” என்று வாய்விட்டுக் கேட்டேன். தீபத்தை மேலே தூக்கினேன். வண்டி மேல் அடுக்கியிருந்த ராடுகள் வெளிச்சத்தில் மின்னின. தீபத்தைக் கீழே இறக்கினேன். குழி போட வேண்டிய இடம். அட! மேலே வண்டி, கீழே குழி! வண்டியில் இருப்பது எப்போதும் நிறைய. அதிலிருந்து எடுத்துத்தானே குழிக்குள் விடுகிறோம்? இறங்கினது போக வண்டியில் மிச்சம் எத்தனை? நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த முருகன்தான் காட்டிக்கொடுத்தார். நான் தட்டோடு சிரித்ததைப் பார்த்து ராமு அண்ணன், “என்னய்யா, சாமி கிட்டயே ஜோக்கா?” என்றார்.

அன்று பத்து மணிக்கு, அதாவது நம் ஆறரைக்கு, சஷ்டிகா வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தாள். கோடு போடச் சொன்னேன். “கோட்டுக்கு மேல ஒரு லாரி வரை சாமி.” லாரி என்றதும் கொஞ்சம் நிமிர்ந்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு லாரி வரையச் சொல்லித்தர வேண்டுமா? டயர், முன்கண்ணாடி, எலுமிச்சம்பழம் முதற்கொண்டு வரைந்தாள். “லாரி மேல முப்பத்தஞ்சு ராடு இருக்குது. மேல எழுது. பன்னெண்டு ராடு குழிக்குள்ள போயிருச்சு. குழி எங்க இருக்குது?” “கீழ.” “அப்ப கீழ எழுது. லாரியில மிச்சம்?” எழுதினாள். இருபத்து மூன்று. தான் எழுதியதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “மிஸ்ஸு எழுதறதும் இதே மாதிரிதான்பா இருக்குது!” என்றாள். “ஆமா சாமி.” “மிஸ்ஸுகிட்டயும் லாரி இருக்குதா?” நான் சிரித்த சிரிப்பில் போன் கையிலிருந்து விழப் பார்த்தது.

இரண்டு வாரம் லாரி லாரியாகக் கழித்தோம். இப்போது நோட்டில் எழுதித்தான், நானும் இங்கே ஒரு நோட்டு வைத்துக்கொண்டு. பரீட்சை அன்று இங்கே சாமிக்கு உடைக்க ஒரு தேங்காய் கிடைக்க முப்பது மைல் போய் வந்தேன். விடைத்தாள் வந்த நாள் செல்வி போட்டோ அனுப்பவில்லை, நேராகக் கூப்பிட்டாள். ஐம்பதுக்கு நாற்பத்து நாலு. நான் சத்தம் போடுவதற்குள் அவளே, “ஏனுங்க, அன்னைக்கு மண்ணு தோண்டறவர்னு சொல்லிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள். “நெசந்தான புள்ள, மண்ணுதான தோண்டறேன்” என்றேன். “டியூசனுக்கு வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆறரைக்கு வந்துருங்க, லேட்டாக்காதீங்க” என்று அதட்டினாள். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அதட்டியதிலேயே எனக்குப் பிடித்த அதட்டல் அதுதான்.

மறுநாள் சஷ்டிகா வாத்தியாராகிவிட்டாள். “இன்னைக்கு நான்தான் மிஸ்ஸு. நீங்க எழுதுங்கப்பா. மேல இருவத்து நாலு. கீழ ஒம்போது.” நோட்டு கைக்கு எட்டவில்லை, வண்டிக் கதவிலேயே சாக்பீஸால் பெரிதாக எழுதினேன். பதினைந்து. “ரைட்டு!” என்று காற்றில் குறி போட்டாள். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு அது, பள்ளியில் இன்னும் நடத்தவில்லை. ஈர்க்குச்சியை எடுத்து எடுத்து அவளே கண்டுபிடித்திருக்கிறாள். “இது என்ன ராடு சாமி?” என்றேன். “ராடு இல்லப்பா, மாசம். நீங்க அங்க இருக்கறது ரெண்டு வருசம், அதுன்னா இருவத்து நாலு மாசம்னு அம்மா சொன்னாங்க. ஒம்போது குழிக்குள்ள போயிருச்சு. மிச்சம் பதினஞ்சும் போனதும் நீங்க ஊட்டுக்கு வந்துருவீங்க. அழிச்சிராதீங்கப்பா.”

அப்போது நீமா வந்தார். அந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் அவர்தான் தண்ணிப் பொறுப்பு. அடுத்து எந்த ஊர் என்று பேச வந்திருந்தார். கதவில் இருந்த எண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கடைசி எண் மேல் விரலை வைத்து, “விசிமா?” என்றார். விசிமா என்றால் கிணறுகள். நான் தலையை ஆட்டி மறுத்து, எனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னேன்: “ந்யும்பானி.” வீட்டில், வீட்டுக்கு என்று அர்த்தம். வீடுகளுக்கு இன்னும் பதினைந்து கிணறு என்று அவர் புரிந்துகொண்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என் தோளில் தட்டி, விரலை மடக்கி மடக்கி, தண்ணியில்லாத ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது. போனுக்குள் சஷ்டிகா, “அடுத்த மாசம் பதினாலுப்பா!” என்று கத்தினாள். நீமா ஏழாவது ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டு, கையில் சாக்பீஸோடு, அந்தப் பதினைந்துக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.